இரண்டாவது கம்பி

சாம்பலைப் பேட்டி எடுக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு நாற்காலியைப் பேட்டி எடுக்க வேண்டும். நான் எட்டு முறை எடுத்தேன். முதல் ஏழு முறையும் தோற்றுப்போனேன். நாற்காலியின் பதிலைக் கேட்டு என் முகத்தில் போதுமான வியப்பு தெரியவில்லையாம்.

சாம்பல் யாரென்று தெரியாதவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று நம்ப எனக்கு ஆசை. அவர்களுக்காகச் சொல்கிறேன். ராக் கிதார் வாசிப்பவர். இருபது வருடமாக வாசிக்கிறார். தொப்பி, கோட்டு, காலணி எல்லாமே சாம்பல் நிறம். மூக்கிலிருந்து மோவாய் வரை சாம்பல் துணி கட்டியிருக்கும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. கைகள் மட்டும்தான் வெளியே தெரியும். மேடைக்கு வந்தால் நாற்பதாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள். அவரைப் பராமரிப்பதற்கென்றே ஏழு மாடியில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, ‘அவர்’ என்றுதான் சொல்வார்கள். பக்கத்து அறையில் யாரோ உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பது போலக் குரலை இறக்கிக்கொண்டு சொல்வார்கள்.

நான் ஓர் இசை மாத இதழில் பத்தொன்பது வருடமாகப் புனைபெயரில் எழுதி வருகிறேன். எத்தனையோ வாத்தியக்காரர்களைப் பேட்டி கண்டாயிற்று. குடித்துவிட்டு அழுதவர்கள், என் பேனாவைச் சுட்டுக்கொண்டு போனவர்கள், பேட்டி நடக்கும்போதே குறட்டை விட்டவர்கள் என்று எல்லா ரகமும் பார்த்திருக்கிறேன். சாம்பல் எந்தப் பத்திரிகைக்கும் பேட்டி கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. நான் விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்றதும் எங்கள் ஆசிரியர் எழுந்து நின்று கை குலுக்கினார். அட்டைப்படம் நமக்குத்தான் என்றார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. எனக்கு அட்டைப்படம் வேண்டாம், என் தம்பிதான் வேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த அலுவலகம் அவனைத் துணைக் கிதாருக்கு எடுத்துக்கொண்டது. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு நாங்கள் அவன் குரலைக் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அப்பா பெயருக்கு அச்சடித்த கடிதம் வரும். ‘தங்கள் மகன் நலம். பயணத்தில் இருக்கிறார். இங்கு வானிலை இதமாக உள்ளது.’ அப்பா ரயில் எஞ்சின் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். எதையும் கழற்றி மாட்டிப் பார்க்காமல் விடமாட்டார். முப்பத்திரண்டு கடிதங்களையும் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறார். ஒரு நாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டார்.

“ஏம்மா, எட்டு வருஷமா ஒரே மாதிரி வெயில் அடிக்கிற ஊரு எங்கம்மா இருக்கு?”

அந்த அலுவலகத்துக்கே இரண்டு முறை நேரில் போயிருக்கிறேன். உறவினர்களுக்கு அனுமதி இல்லை என்று வாசற்காவலாளி வெகு மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்.

போன வருடம் சாம்பலின் புதிய இசைத்தட்டு விமர்சனத்துக்காக என் மேஜைக்கு வந்தது. மூன்றாவது பாட்டில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடைவெளியில் இரண்டாவது கம்பி மெல்லக் கூவி ஏறி, உடனே இறங்கியது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. அந்த இடத்தை மட்டும் மறுபடியும் மறுபடியும் போட்டுக் கேட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு பழைய கிதார் இருந்தது. எனக்குப் பதின்மூன்று வயது, தம்பிக்கு ஒன்பது. மாடிப்படியில் அதைக் கீழே போட்டது நான். தலைப்பக்கம் விரிசல் விட்டு, இரண்டாவது கம்பியை முறுக்கும் திருகு பிடிமானம் இழந்துவிட்டது. அப்பா வந்து யார் போட்டது என்று கேட்டபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். “நான்தான் போட்டேன்” என்றான் தம்பி. அப்பாவின் கை நாலு முறை அவன் முதுகில் விழுந்தது. நான் வெளியே வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த உடைந்த கிதாரில்தான் அவன் வாசிக்கக் கற்றுக்கொண்டான். இரண்டாவது கம்பி தளர்ந்துகொண்டே இருக்கும். வரிக்கு நடுவில் கை ஓடிப்போய்த் திருகை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு வரும். நல்ல கிதார் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நல்ல கிதாரில் அப்படி முறுக்கினால் சுருதி கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும், அவன் கைக்குத் தெரியாது. முறுக்கிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு உடனே இறக்குவான். அதற்குக் கணக்கு வழக்கு கிடையாது. பதற்றமாக இருந்தால் அடிக்கடி, மனசு சரியாக இருந்தால் எப்போதாவது.

ஆக, தட்டில் வாசித்திருப்பது என் தம்பி. சாம்பல் பேருக்கு நின்றுகொள்கிறார், திரைக்குப் பின்னால் என் தம்பி வாசிக்கிறான் என்று முடிவு செய்தேன். அந்த அலுவலகத்தின்மேல் அப்போது எனக்கு அவ்வளவு நல்லெண்ணம் இருந்தது.

விண்ணப்பத்தில் ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். நாற்பது கேள்விகள் அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து ஏழு கேள்விகள் திரும்பி வந்தன. அவையும் என்னுடையவை அல்ல. ‘உங்கள் முதல் கிதார் எது?’ என்று நான் கேட்டிருந்தது, ‘முதல் கிதார் உங்களைத் தேர்ந்தெடுத்த கணத்தில் அது என்ன உணர்ந்தது?’ என்று மாறியிருந்தது. கேள்விக்குக் கீழே பதிலும் அச்சாகியிருந்தது. பதிலுக்குக் கீழே என் முகம் எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பும் இருந்தது. மூன்றாம் கேள்விக்கு வியப்பு, ஐந்தாம் கேள்விக்கு ஈரமான கண்கள், ஏழாம் கேள்விக்குப் பேச்சிழத்தல்.

இவ்வளவும் அச்சாகியிருக்கும்போது பேட்டி எதற்கு என்று முகபாவனைப் பயிற்சிக்கு என்னை அழைத்திருந்த அறையில் இருந்தவரிடம் கேட்டேன். அவரை அங்கே புத்தகக்காரர் என்று கூப்பிட்டார்கள். ஒல்லியான மனிதர். ஓர் அடி கனமுள்ள பதில் புத்தகத்தைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருப்பார். அதில் இல்லாத வார்த்தை எதுவும் ‘அவர்’ வாயிலிருந்து வந்ததில்லை என்பது அவருடைய பெருமை.

“நீங்க கேட்டாத்தானேங்க அது பதில்” என்றார். “கேக்காம விட்டா வெறும் அச்சுத்தான்.”

பிறகு நாற்காலியை நோக்கிக் கை காட்டினார். நான் உட்கார்ந்து மூன்றாம் கேள்வியைக் கேட்டேன். புத்தகக்காரர் நாற்காலியின் சார்பில் பதிலை வாசித்தார். நான் வியந்தேன். அவர் உதட்டைப் பிதுக்கிக் குறித்துக்கொண்டார். எட்டாவது முறை, ஏழாம் மாடி ஜன்னலுக்கு வெளியே கண்ணாடி துடைக்கிறவர் கயிற்றில் திடீரென்று இறங்கியதைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அதைப் பார்த்துத் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள்.

பேட்டி நாளன்று காலை பத்து மணிக்கு என்னை அழைத்துப்போக அலுவலகத்தின் நிர்வாகியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். சிரித்த முகம், துவைத்துத் தேய்த்த பேச்சு. முதலில் ஓர் உறுதிமொழிப் படிவம். ‘நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அது முகம் அல்ல.’ கையெழுத்துப் போட்டேன். கைரேகையும் வைக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு நீளமான நடைக்கூடம். இரண்டு பக்கமும் கதவுகள், ஒரு கதவிலும் கைப்பிடி இல்லை. எங்கிருந்தோ கிதார் சத்தம் வந்துகொண்டிருந்தது. நடக்க நடக்கச் சத்தம் நெருங்கியது.

நடைக்கூடம் திரும்பும் இடத்தில் பெரிய கண்ணாடிச் சுவர். உள்ளே நான் பார்த்ததை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சாம்பல் கோட்டு, சாம்பல் தொப்பி, முகத்தில் துணி. அப்படிப் பத்துப் பேர் வரிசையாக நின்று ஒரே பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாலு வரி முடிந்தது. பத்து இடது கைகளும் ஒன்றாக மேலே போய் இரண்டாவது கம்பியின் திருகை முறுக்கின. பத்துக் கம்பிகள் ஒன்றாகக் கூவி ஏறி ஒன்றாக இறங்கின. பிறகு மறுபடியும் நாலு வரி.

நான் நின்றுவிட்டேன். நிர்வாகி என்னை அவசரப்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி தோட்டத்தைப் பார்த்து நின்றால் வீட்டுக்காரர் காத்திருப்பாரே, அப்படிக் காத்திருந்தார்.

“எல்லாரும் முதல் தடவை இங்க நின்னுடுவாங்க” என்றார். “இதுல மறைக்க ஒண்ணும் இல்ல. மனுஷன்னா வயசாகும், கோபம் வரும், தலைவலி வரும், வீட்டு ஞாபகம் வரும். ரசிகனுக்கு அதெல்லாம் எதுக்கு? நாங்க அவர்கிட்டேருந்து மனுஷனை மட்டும் எடுத்துட்டோம். மீதி எல்லாம் அப்படியே இருக்கு.”

முதல் சாம்பல் என்ன ஆனார் என்று கேட்டேன். யார் முதல் என்பதில் அலுவலகத்துக்கே கருத்து வேறுபாடு உண்டு என்றார். அந்தத் திருகு விஷயத்தைக் கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“அதுவா? போன வருஷத் தட்டு வாசிக்கும்போது ஒருத்தர்கிட்ட அது தானா வந்தது. முதல்ல குறைன்னு நெனச்சோம். அப்புறம் ஆராய்ச்சிப் பிரிவு உக்காந்து பாத்துட்டு அது அவரோட முத்திரைன்னு சொல்லிட்டாங்க. நாலு வரிக்கு ஒரு தடவைன்னு ஒழுங்குபடுத்தி விதியில சேத்துட்டோம். இப்ப எல்லாரும் செய்றாங்க.”

என் கையில் இருந்த ஒரே அடையாளம் அதுதான். அதை அவர்கள் பத்துப் பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒருத்தர் இப்போது எங்கே என்று கேட்டேன். இந்தப் பத்துப் பேரில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். புத்தகத்துக்கு வெளியே பேசினவர்களை இங்கே வைத்துக்கொள்வதில்லை, அவர்கள் ஓய்வுக்குப் போய்விடுவார்கள் என்றும் சொன்னார்.

“ஓய்வுன்னா எங்க?”

“அது இடம் இல்லம்மா. ஒரு நிலை.” அவர் என் தோளைத் தொடாமல், தொடுவது போலக் கையை வைத்து என்னை நடத்திக்கொண்டு போனார். “வீட்டுக்காரங்க கவலைப்படக் கூடாது பாருங்க, அதுக்குன்னு ஒரு கடிதப் பிரிவே வச்சிருக்கோம். ஒரு தடவை கூடத் தவறினதில்ல. வானிலையைக் கூட எழுதுறோம்.”

பேட்டி அறையில் ஜன்னல் இல்லை. மேஜை, மூன்று நாற்காலிகள், சுவரில் ஓடாத கடிகாரம். புத்தகக்காரர் ஏற்கனவே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். நிர்வாகி கதவருகே நின்றுகொண்டார். எதிர்ச்சுவரில் ஒரு சாம்பல் நிறக் கதவு திறந்து ‘அவர்’ வந்தார். மடியில் கிதாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உயரம் என் தம்பியின் உயரம்தான். அந்தப் பத்துப் பேரும் அதே உயரம்தான் இருந்தார்கள். கைகளைப் பார்த்தேன். இடது கை விரல் நுனிகள் கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்தன. எந்தக் கிதார்க்காரனுக்கும் அப்படித்தான் இருக்கும். எட்டு வருடத்தில் ஒரு கை எப்படி மாறும் என்று எனக்குத் தெரியவில்லை. சொந்தத் தம்பியின் கையை அடையாளம் காண முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

முதல் கேள்வியைக் கேட்டேன். துணிக்குள்ளிருந்து, யாருடையது என்று சொல்ல முடியாத தட்டையான குரல் வந்தது. பேசப் பேசப் புத்தகக்காரரின் விரல் வரி வரியாக நகர்ந்தது. ‘கிதார் என்னைத் தேர்ந்தெடுத்தபோது அது சற்றுத் தயங்கியது. மகத்தானவை எல்லாம் தயங்கும்.’ புத்தகக்காரர் கண்ணை மூடி ரசித்தார். மூன்றாம் கேள்விக்கு வியந்தேன். ஐந்தாம் கேள்விக்குக் கண்கள் ஈரமாயின, அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை. ஆறாம் கேள்வி அந்தத் திருகைப் பற்றியது. ‘இரண்டாவது கம்பியை நீங்கள் முறுக்குவதன் தத்துவம் என்ன?’

“இசை என்றும் முழுமை அடைவதில்லை என்பதை அது உலகத்துக்கு நினைவூட்டுகிறது” என்றது குரல். புத்தகக்காரரின் விரல் முற்றுப்புள்ளியில் நின்றது. அப்போது எதிரில் இருந்தவரின் இடது கை மடியிலிருந்த கிதாரின் தலைப்பக்கம் போய்த் திருகைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனது. அங்கே பாட்டும் இல்லை, வரியும் இல்லை.

எனக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதற்கு நான் பேச்சிழக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஓய்வு என்றால் என்னவென்று அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இது வேறு யாராவதாக இருந்தால் கேள்வி புரியாது, பேசாமல் இருந்துவிடுவான், யாருக்கும் கெடுதல் இல்லை. என் தம்பியாக இருந்தால் மட்டும்தான் கெடுதல். அப்படித்தான் நினைத்தேன். நினைத்துவிட்டும் கேட்டேன்.

“கிதாரைக் கீழ போட்டது யாரு?”

புத்தகக்காரரின் விரல் ஏழாம் கேள்விக்குப் போய், அங்கே இல்லையென்று கண்டு, பக்கத்தைப் புரட்டியது. இன்னொரு பக்கம் புரட்டினார். பொருளடக்கத்துக்குப் போனார். அறையில் காகிதம் சரசரக்கும் சத்தம் மட்டும் இருந்தது. எதிரில் இருந்தவர் அசையவில்லை. கறுப்புக் கண்ணாடியில் என் முகம் இரண்டாகத் தெரிந்தது. உண்மையான பதில் அந்தக் கண்ணாடியிலேயே இருந்தது. அதைச் சொன்னால் தீர்ந்தது, ‘நீதான்’ என்று ஒரு வார்த்தை.

“நான்தான் போட்டேன்” என்றான்.

இந்த உலகத்தில் அந்தப் பொய்யைச் சொல்லக்கூடியவன் ஒருத்தன்தான் இருக்கிறான்.

புத்தகக்காரர் வெளுத்துப்போய் நிர்வாகியைப் பார்த்தார். “இது புத்தகத்துல இல்லைங்க” என்றார்.

நிர்வாகி கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எதையோ குறித்துக்கொண்டார். ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“இனிமே இருக்கும்” என்றார்.

சாம்பல் நிறக் கதவு திறந்தது. இரண்டு பேர் வந்து அவனுடைய இரு பக்கமும் நின்றார்கள். அவன் எழுந்தான். கிதாரை மேஜைமேல் மெதுவாக, சத்தம் வராமல், படுக்கவைத்தான். கதவு வரைக்கும் ஏழெட்டு அடி இருக்கும். தம்பி என்று கூப்பிட ஏழெட்டு அடி போதும். நான் எழுந்திருக்கவில்லை. வாய் திறக்கவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் கதவுக்குப் பின்னால் எப்படி நின்றேனோ அப்படியே உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியது. அந்தக் கதவிலும் கைப்பிடி இல்லை.

ஏழாம் கேள்வியைக் கேட்கத் தேவையில்லை என்று நிர்வாகி சொன்னார். நான் பேச்சிழந்திருப்பதைப் புத்தகக்காரர் குறித்துக்கொண்டு முழு மதிப்பெண் போட்டார். வெளியே போவதற்கு முன் ஒரு படிவம் பாக்கி இருந்தது. ‘நான் சந்தித்தது அவரைத்தான், வேறு எவரையும் அல்ல.’ கையெழுத்துப் போடாவிட்டால் பேட்டி நடக்கவே இல்லை என்று ஆகிவிடும், அப்படியானால் இந்த அறையில் இன்றைக்கு யாரும் உட்காரவில்லை என்றும் ஆகிவிடும், அது உள்ளே போனவருக்கு நல்லதில்லை என்று நிர்வாகி அக்கறையோடு விளக்கினார். போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், “பாத்தியாம்மா?” பார்த்தேன் என்றேன். அந்தச் சாம்பல் உடுப்புக்குள் இருப்பது நம் பையன்தான், நன்றாக இருக்கிறான் என்றேன். அப்பா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டான், நமக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று இரண்டு மூன்று முறை சொன்னார்.

பேட்டி வெளிவந்தது. நான் எழுதி அனுப்பியதற்கும் அச்சில் வந்ததற்கும் சம்பந்தமில்லை, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அட்டையில் பெரிய எழுத்தில் அதைப் போட்டிருந்தார்கள். ‘நான்தான் போட்டேன்.’ கீழே அலுவலகத்தின் விளக்கம். உலகத்தின் எல்லா விரிசல்களுக்கும் ‘அவர்’ பொறுப்பேற்றுக்கொள்கிறாராம். இதழ் மூன்று முறை மறுபதிப்பு ஆனது. ஆசிரியர் என் மேஜையில் பூங்கொத்து வைத்தார். இரண்டே வாரத்தில் அந்த வாக்கியம் பனியனில் வந்துவிட்டது, பேருந்தின் முதுகில் வந்துவிட்டது. சிறுநீரக மருத்துவமனை ஒன்று கூட அதை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. எதற்கு என்று எனக்குக் கடைசி வரை புரியவில்லை.

என் ஒத்துழைப்பைப் பாராட்டி அலுவலகம் இரண்டு அனுமதிச் சீட்டுகள் அனுப்பியிருந்தது. திறந்த மைதானத்தில் மதிய நிகழ்ச்சி. அன்றைக்குக் காலையில்தான் முப்பத்து மூன்றாவது கடிதம் வந்தது. அப்பா அதை வழக்கம்போல் இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். ‘தங்கள் மகன் நலம். ஓய்வில் இருக்கிறார். இங்கு வானிலை இதமாக உள்ளது.’

“எட்டு வருஷத்துல ஒரு வார்த்தை மாறியிருக்கு பாத்தியா?” என்றார். “ஓய்வுல இருக்கான்னா இன்னைக்கு வாசிக்க மாட்டானோ?”

போகாமல் இருந்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா கேட்கவில்லை. தேய்த்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் போய் நின்றார்.

மைதானத்தில் வெயில் கொளுத்தியது. நாங்கள் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். முன்னும் பின்னும் எங்கு பார்த்தாலும் அந்த வாக்கியம் அச்சடித்த நெஞ்சுகள். சாம்பல் வந்தார். வாசித்தார். நான் விரல் விட்டு எண்ணினேன். முதல் வரி, இரண்டு, மூன்று, நாலு. இடது கை மேலே போய் முறுக்கியது, இறக்கியது. மறுபடியும் எண்ணினேன். நாலு. மறுபடியும் நாலு. முழுப் பாட்டிலும் ஒரு முறை கூடத் தவறவில்லை. என் தம்பிக்கு இவ்வளவு ஒழுங்காக எதையும் செய்யத் தெரியாது.

பாட்டு முடிந்ததும் அவர் ஒலிவாங்கியின் பக்கம் குனிந்தார். மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டது.

“நான்தான் போட்டேன்” என்றார், தட்டையான குரலில்.

நாற்பதாயிரம் பேரும் எழுந்து நின்று அதைத் திருப்பிச் சொன்னார்கள். தரை அதிர்ந்தது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கன்னம் நனைந்திருந்தது.

“அவன்தாம்மா” என்றார். “கடுதாசி எழுதுறவனுக்கு என்ன தெரியும்? இது அவன்தான். அன்னைக்கும் இப்படித்தான், முகத்தை நேரா வச்சுக்கிட்டு இதையேதான் சொன்னான். நான் அடிச்சிருக்கக் கூடாதும்மா. மனசுல வச்சிருக்கான் பாரு.”

மேடையில் மறுபடியும் சொன்னார், கூட்டம் மறுபடியும் கத்தியது. அப்பாவும் சேர்ந்து கத்தினார். அவர் காதில் வாயை வைத்தேன். முப்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

“அப்பா, நான்தான் போட்டேன்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“ஆமாம்மா” என்றார். “எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.”